எழுத்துப் பெற்ற இரு மொழிகள்

மக்கள் தம் உள்ளக்கருத்தை ஒருவர்க்கொருவர் புலப்படுத்துதற்குக் கருவியாவது மொழி. அம்மொழியைக் காலத்தாலும் இடத்தாலும் சேய்மைக்கண் உள்ளார்க்குக் கொண்டு சேர்ப்பது எழுத்து. வாயினின்று பிறந்த சொல் காற்றொடு கலந்து மறைய, எழுதப்பட்ட சொல் தந்தைக்குப்பின் மைந்தனையும், மைந்தனுக்குப்பின் அவன் மக்களையும் சென்றடைகின்றது. கல்லும் செப்பேடும் பனையோலையும் காகிதமும் எழுத்தைத் தாங்கிய காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்து, இந்நாளிற் கணினியும் கைப்பேசியும் அதனைத் தாங்குங் காலம் வந்துற்றது. ஏட்டினின்று அச்சுக்கு மாறிய காலத்து, பெயர்த்தெழுதுவாரும் பதிப்பிப்பாரும் இன்றி மாய்ந்த தமிழ் நூல்கள் எத்துணை என்பதை நம்மவர் அறிவர். இன்று அத்தகையதொரு மாற்றத்தின் நடுவே உலகத்து மொழிகளெல்லாம் நிற்கின்றன.

உலகில் வழங்கும் மொழிகள் ஏறத்தாழ 7,000 என்று மொழிநூலார் கணக்கிடுவர். கூகுள் நிறுவனத்தார் தம் மொழிபெயர்ப்புக் கருவியில் 2024-ஆம் ஆண்டு 110 மொழிகளைப் புதியனவாகச் சேர்த்தனர். சேர்த்த பின்னரும் அக்கருவி அறிந்த மொழிகள் ஏறத்தாழ 240 ஆயினவே யன்றி அதனின் மிக்கில. எஞ்சிய ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மொழிகள் வாயிலிற் புறத்தே நிற்கின்றன. இவை யாவும் பேசுவோர் குறைந்த சிறு மொழிகள் போலும் என்று சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. பல இலட்சம் மக்கள் பேசியும் புறத்தே நின்ற மொழிகள் உள. சில ஆயிரவரே பேசியும் உட்புகுந்த மொழிகள் உள. ஆயின், ஒரு மொழி இப்புதிய உலகில் இடம்பெறுதற்கும் நிலைபெறுதற்கும் காரணம் யாது? இதனை ஆராய்தற்பொருட்டு, அமெரிக்க நாட்டுச் செரோக்கி மொழி, நம் பாரத நாட்டுச் சந்தாலி மொழி என்னும் இரண்டன் வரலாறுகளையும் ஈண்டு எடுத்துக்கொண்டோம். இரண்டும் நெடுங்காலம் எழுத்தின்றி வாய்மொழியாகவே வழங்கியவை. இரண்டற்கும் அவ்வம் மக்களுள் தோன்றிய ஒருவரே எழுத்து வகுத்தளித்தனர். இவ்வொற்றுமையே இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமாறு எம்மைத் தூண்டிற்று.

வரலாறு புகுமுன், கணினி எழுத்தைக் கையாளும் முறையைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். 'அ' என்னும் எழுத்துக்குரிய விசையை நாம் அழுத்துங்கால், அக்கருவி அதற்கென வகுக்கப்பட்ட எண்ணையே தன்னகத்துப் பதித்துக்கொள்கின்றது; மீட்டுக் காட்டுங்கால் அவ்வெண்ணுக்குரிய வடிவைத் திரையில் வரைகின்றது. அமெரிக்கர் தொடக்கத்தில் வகுத்த முறையில் 128 இடங்களே இருந்தன. அவை ஆங்கில எழுத்துக்களுக்கும் இலக்கங்களுக்கும் பிற குறிகளுக்குமே செலவாயின. ஏனை மொழியார், தத்தம் எழுத்து வடிவங்களை அவ்விடங்களிலும் அவற்றையடுத்துப் பின்னர்ச் சேர்ந்த இடங்களிலும் வேண்டியவாறு புகுத்தி, ஆளுக்கோர் எழுத்துரு அமைத்துக்கொண்டனர். ஒருவர் எழுதி விடுத்த கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத மற்றொருவர் கணினியிற் பொருளற்ற குறிக்கூட்டமாய்த் தோன்றிற்று. நம் தமிழும் இவ்வல்லலை நெடுநாட் பட்டது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாடு, குறியீட்டு முறையையும் விசைப்பலகையையும் ஒருவாறு வரையறுக்க முற்பட்டது இவ்வல்லல் தீர்த்தற்பொருட்டே.

உலகத்து எழுத்துக்கள் அனைத்திற்கும், ஒன்றன் எண் மற்றொன்றற்கு வாராதவாறு நிலையான எண்களை வழங்கும்பொருட்டு, 1991-ஆம் ஆண்டு அமெரிக்காவில் யூனிகோடு கூட்டமைப்பு என்னும் அமைப்பு நிறுவப்பெற்றது. அவ்வாண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ், தேவநாகரி, வங்கம், ஒரியா முதலிய நம் நாட்டெழுத்துக்கள் இடம்பெற்றன. இவ்வெண் பெறுதலே ஓர் எழுத்து மின்னணு உலகிற் குடிபுகுதற்கு முதற் படியாகும். எண் பெற்றபின் எழுத்துரு வேண்டும். அதன்பின் விசைப்பலகை வேண்டும். அதன்பின் அவ்விசைப்பலகையைத் தொட்டு நாடோறும் எழுதும் மக்கள் வேண்டும். அவர் எழுதிய எழுத்து மலையெனக் குவிதல் வேண்டும். அக்குவியலைப் பயின்றே இக்காலத்து இயந்திரங்கள் மொழிபெயர்க்கவும், பேச்சைக் கேட்டு எழுதவும், வினாவுக்கு விடை கூறவும் கற்கின்றன. குவியல் சிறிதாயின் இயந்திரத்தின் கல்வியும் சிறிதாம், பிழையோ பெரிதாம். இப்படிகளை உளங்கொண்டு மேற்செல்வோம்.

செரோக்கியர் என்போர் வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், இந்நாளிற் ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா என வழங்கும் மாநிலங்களின் மலைநிலங்களில் வாழ்ந்த பழங்குடியினர். அவருள் தோன்றியவர் செக்குவோயா என்பார். வெள்ளியிற் பணி செய்யும் கைவினைஞர். ஆங்கிலம் எழுதவும் படிக்கவும் அறியாதவர். வெள்ளையர் காகிதத்திற் கீறிய குறிகளைக் கொண்டு தொலைவிலுள்ளாரோடு பேசுதலைக் கண்டு, அது மந்திரமன்று, மனிதர் இயற்றிய கருவியே என்று தெளிந்து, தம் மொழிக்கும் அத்தகைய கருவியை இயற்ற முனைந்தார். முதலில் ஒவ்வொரு சொற்கும் ஒவ்வொரு குறி வகுக்க முயன்று, அது முடிவின்றிப் பெருகக் கண்டு கைவிட்டார். பின்னர்ச் சொற்களைச் செவியால் ஆராய்ந்து, அவை சில அசைகளின் கூட்டுறவே யெனக் கண்டு, அசைக்கு ஒன்றாக எண்பத்தாறு எழுத்துக்களை வகுத்தார். நம் உயிர்மெய்யெழுத்துக்கள் போல, ஒரு குறி ஓரசையை உணர்த்துவது அம்முறை. பன்னீராண்டுகள் உழைத்து 1821-ஆம் ஆண்டளவில் அதனை நிறைவேற்றினார். அயலார் அவரைப் பித்தர் என்றும் சூனியக்காரர் என்றும் இகழ்ந்தனர் எனவும், முதலில் அதனைக் கற்றவள் அவர்தம் சிறு மகளே எனவும் கூறுவர்.

தந்தையும் மகளும் தனித்தனி இடங்களில் இருந்து எழுதியதைப் படித்துக் காட்டிய பின்னர், அம்மக்களின் ஐயம் அகன்றது. தம் மொழியை முன்னரே அறிந்தவராதலின், எழுத்துக்களின் ஒலியை அறிந்த அளவிலே எழுதவும் படிக்கவும் வல்லராயினர். சில ஆண்டுகளுக்குள் அவ்வெழுத்து அக்குடி முழுதும் பரவிற்று. 1828-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், நியூ எக்கோட்டா என்னும் அவர்தம் தலைநகரில், எலியாஸ் பூடினாட் என்பாரை ஆசிரியராகக் கொண்டு 'செரோக்கி பீனிக்ஸ்' என்னும் பத்திரிகை ஆங்கிலத்திலும் செரோக்கியிலும் வெளிவந்தது. அதற்குரிய அச்செழுத்துக்கள் பாஸ்டன் நகரில் வார்க்கப்பட்டன. எழுத்துத் தோன்றி ஏழாண்டுகளுள் ஒரு குடி தன் மொழியிற் பத்திரிகை கண்டது வரலாற்றில் அரிய செய்தியாகும்.

ஆயினும் எழுத்து வந்த வேகத்திலேயே இடரும் வந்தது. அவர் நிலத்திற் பொன் கிடைத்தமையாலும், பருத்தி விளைப்போர் அந்நிலத்தை விழைந்தமையாலும், பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டம் 1830-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1832-இல் உச்ச நீதிமன்றம் செரோக்கியர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும் அது பயன்படவில்லை. பத்திரிகை 1834-இல் நின்றது. மறு ஆண்டில் அவ்வச்சியந்திரத்தை ஜார்ஜியப் படையினர் கைப்பற்றினர். 1838, 1839 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 16,000 செரோக்கியர் தம் ஊரினின்றும் துரத்தப்பட்டு, பனியிலும் பசியிலும் மேற்கு நோக்கி நடந்தனர். வழியிலும் தங்கிடங்களிலும் மாண்டோர் 4,000 பேர் அளவினர் என்று மதிப்பிடுவர். அவ்வழியை 'கண்ணீர்த் தடம்' என்றே இன்றும் அழைக்கின்றனர்.

புதிய நிலத்திற் சேர்ந்த பின்னரும் அம்மக்கள் எழுத்தைக் கைவிட்டாரல்லர். டாலக்குவா என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு மீண்டும் ஒரு பத்திரிகை தொடங்கினர். அது 1906 வரை நடைபெற்றது. ஆயின், அரசியலாராலும் சமயத்தாராலும் நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளிகளிற் பழங்குடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசுதல் விலக்கப்பட்டது, பேசினோர் ஒறுக்கப்பட்டனர். அவ்வாறு ஒறுக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராயினபோது, தாம் பட்ட துயரைத் தம் மக்கள் படலாகாதென்று அவர்களோடு ஆங்கிலமே பேசினர். படையெடுத்து வந்தவரால் அழியாத மொழி, அன்புடைய பெற்றோரின் அச்சத்தால் அடுக்களையில் ஒடுங்கிற்று. இதனை யாம் பழித்துரைக்கவில்லை. அந்நிலையில் எவரும் அவ்வாறே செய்திருப்பர்.

இனி, மின்னணுக் காலத்தில் அவ்வெழுத்து அடைந்த உயர்வைக் காண்க. 1999-ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோடு மூன்றாம் பதிப்பில் அதற்கு எண்கள் கிடைத்தன. ஆப்பிள் நிறுவனத்தார் 2003-இல் தம் கணினியிலும், 2010-இல் தம் கைப்பேசியிலும் அவ்வெழுத்தை அமைத்தனர். 2011-இற் கூகுள் தேடற்பக்கமும், 2012-இல் அந்நிறுவனத்தின் மின்னஞ்சலும், அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்டின் விண்டோஸ் கணினி முகப்பும் செரோக்கியில் வந்தன. இவை தாமே வந்தனவல்ல. அக்குடியின் மொழித்துறையினர் அந்நிறுவனங்களின் வாயிலைப் பன்முறை சென்று தட்டினர். பின்னர் முதியோரைக் கூட்டிவைத்து, அவர் முன்னறியாத பொருள்களுக்கெல்லாம் பெயர் படைத்தனர். மின்னஞ்சலுக்கு 'மின்னற் காகிதம்' என்று பொருள்படும் பெயர் அவ்வாறு தோன்றியது. நம்மவர் படைத்த மின்னஞ்சல் என்னும் பெயரோடு அஃது ஒத்திருத்தல் கண்டு மகிழத்தக்கது.

இவ்வளவு வாயில்களும் திறந்தபின் அம்மொழி தழைத்ததோ எனின், அந்தோ! 2019-ஆம் ஆண்டு செரோக்கியரின் மூன்று கிளையினரும் ஒருங்கு கூடித் தம் மொழி நெருக்கடி நிலையில் உள்ளதென்று அறிவித்தனர். செரோக்கி நாட்டின் குடிகளாகப் பதிவு பெற்றோர் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். தாய்மொழியாக அதனைப் பேசுவோரோ, மூன்று கிளையிலும் சேர்த்து, ஏறத்தாழ 2,000 பேர் என்று அப்போது மதிப்பிடப்பட்டனர். அவருட் பெரும்பாலார் முதியோர். 1975-ஆம் ஆண்டு செரோக்கி அகராதியை ஆக்கித்தந்த டர்பின் ஃபீலிங் என்னும் அறிஞரும் 2020-இல் மறைந்தார். கைப்பேசியில் எழுத்துண்டு, எழுதுதற்கு விரலும் உண்டு, அவ்விரலை இயக்கும் மொழி இளையோர் நெஞ்சில் இல்லை. 2001-ஆம் ஆண்டு தொட்டுச் சிறார்க்குச் செரோக்கி வாயிலாகவே கற்பிக்கும் பள்ளியொன்றை நிறுவி, இழந்ததை மீட்க அவர்கள் அரும்பாடு படுகின்றனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சந்தாலி, ஜார்க்கண்டு, மேற்கு வங்கம், ஒடிசா, பீகார், அசாம் ஆகிய மாநிலங்களிலும், வங்காளதேசத்திலும், நேபாளத்திலும் வழங்குவது. முண்டா மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. ஆரிய மொழிகளினின்றும் நம் திராவிட மொழிகளினின்றும் வேறானது. 2011-ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி பாரத நாட்டில் அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் 73 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அடிமைப்படுத்திய வட்டிக்கடைக்காரரையும் ஆங்கிலக் கும்பினியையும் எதிர்த்து 1855-ஆம் ஆண்டு சித்து, கான்ஹு என்னும் உடன்பிறந்தார் தலைமையில் எழுந்த மக்கள் இவர்களே.

இம்மொழிக்கும் தொன்மையான எழுத்தில்லை. மேனாட்டுச் சமயத் தொண்டர் உரோம எழுத்தில் அதனை எழுதினர். நார்வே நாட்டவரான போடிங் பாதிரியார் தொகுத்து, 1929 முதல் 1936 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட சந்தாலி அகராதி பெருமைக்குரிய நூலாகும். எனினும் அவ்வெழுத்துப் பெரிதும் கிறித்தவ சந்தாலரிடத்தே நின்றது. ஏனையோர் தாம் வாழும் மாநிலத்துக்கேற்ப வங்க எழுத்திலும், ஒரியா எழுத்திலும், தேவநாகரியிலும் எழுதினர். சந்தாலியில் மூச்சை மிடற்றில் தடுத்து ஒலிக்கும் சில மெய்யொலிகள் உள. அவற்றைக் குறிக்க அவ்வெழுத்துக்கள் போதா.

ஒடிசாவில் மயூர்பஞ்சு நிலத்தில் 1905-ஆம் ஆண்டு பிறந்த ரகுநாத முர்மு என்பார் இக்குறையைப் போக்கினார். அவர் ஒரு பள்ளியாசிரியர் என்பதைக் கூறுங்கால் எம்மனோர்க்கு உவகை மிகுதல் இயல்பே. இளமையிலேயே ஆராய்ந்து, 1925-ஆம் ஆண்டில் 'ஒல் சிக்கி' என்னும் முப்பது எழுத்துக்களை அவர் வகுத்தார். நிலம், கை, காளான் முதலாகச் சந்தாலர் நாடோறும் காணும் பொருள்களின் வடிவே அவ்வெழுத்துக்கள் பலவற்றுக்கு மூலம். அவர் எழுத்தை வகுத்ததோடு அமையாது, அதனைப் பரப்புதற்கு நாடகங்கள் இயற்றினார், பாடநூல்கள் எழுதினார், ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். 1982-இல் அவர் மறைந்தபோது மக்கள் அவரைக் குருவெனப் போற்றினர்.

ஒல் சிக்கியின் இயல்பொன்றை ஈண்டுக் கருதவேண்டும். நம் எழுத்தில் 'கெ' என்பதனை எழுதுங்கால் உயிர்க்குறி மெய்க்கு முன்னே வந்து நிற்கும். 'கொ' என்பதில் இருபுறமும் நிற்கும். வடநாட்டெழுத்துக்களில் மெய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கூட்டெழுத்தாகும். இவற்றையெல்லாம் கணினிக்குக் கற்பிக்க வல்லுநர் பெரிதும் உழைத்தனர். ஒல் சிக்கியிலோ உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்தாய், ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையில் நிற்கும். கணினிக்கு இதனினும் எளிய எழுத்து வேறு வேண்டா. இருந்தும், தமிழுக்கும் வங்கத்துக்கும் 1991-இற் கிடைத்த எண்ணுரிமை, ஒல் சிக்கிக்கு 2008-இலேயே கிடைத்தது. இப்பதினேழாண்டுத் தாழ்வுக்கு எழுத்தின் அருமை காரணமன்று. நம் நாட்டெழுத்துக்களுக்கு அரசாங்கத்தார் முன்னர் வகுத்த கணினிக் குறியீட்டைத் தழுவியே யூனிகோடு அவற்றுக்கு இடமளித்தது. அரசாங்கக் குறியீட்டிலோ ஒல் சிக்கிக்கு இடமில்லை. சந்தாலி அரசியற் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறியதே 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது திருத்தத்தால்தான். ஆள்வோர் பட்டியலிற் பெயரில்லாத மொழியைக் கணினியும் அறிந்திலது என்க.

எண் கிடைத்த பின்னரும் இடர் தீர்ந்தபாடில்லை. பத்தாண்டு கழித்து, 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே சந்தாலி விக்கிப்பீடியா தோன்றிற்று. தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது 2003-இல் என்பதை இதனோடு வைத்து எண்ணுக. மேலும், ஐந்து எழுத்துக்களில் ஒரு மொழி எழுதப்படுதலால் விளையும் கேடு மின்னணு உலகிற் பன்மடங்காகின்றது. ஒரு சொல்லை ஒருவர் ஒல் சிக்கியிலும், மற்றொருவர் வங்க எழுத்திலும், வேறொருவர் தேவநாகரியிலும் எழுதினால், கேட்கும் மனிதன் செவிக்கு அது ஒரு சொல்லே. இயந்திரத்துக்கோ அவை வேறு வேறு எண்வரிசைகள். ஆதலின் வேறு வேறு சொற்கள். ஒன்றில் தேடினார்க்கு மற்றொன்றிற் கிடந்தது கிட்டாது. ஒரு குவியலாகச் சேரவேண்டிய நெல் ஐந்து களத்திற் சிதறிக் கிடப்பது போல்வதே இது. எழுபது இலட்சம் வாயில் வழங்கும் மொழியை இயந்திரம் ஏழை மொழியென்று எண்ணுதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் சந்தாலர் அயர்ந்திலர். இளையோர் பலர் ஊதியமின்றி விசைப்பலகையும் எழுத்துருவும் ஆக்கினர்; கட்டுரை எழுதினர். 2024-இற் கூகுள் சேர்த்த 110 மொழிகளுள் சந்தாலியும் ஒன்றாயிற்று.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பவைத்து நோக்குவோமாயின், மேலே எழுப்பிய வினாவுக்கு விடை புலனாகும். செரோக்கிக்கு வாயில்கள் விரைந்து திறந்தன, நுழைவார் குறைந்தனர். சந்தாலிக்கு நுழைவார் நிறைந்திருந்தனர். வாயில் நெடுநாள் திறந்திலது. திறந்தபின் அவர் ஐந்து நெறியாற் பிரிந்து நின்றனர். ஆகவே பேச்சு மட்டும் இருந்தாற் போதாது; எழுத்து மட்டும் இருந்தாலும் போதாது. இல்லத்தில் மழலையின் செவியிற் புகும் பேச்சும், கல்வி பெற்றோர் கையினின்று நாடோறும் விழும் எழுத்தும் ஆகிய இரண்டும் வேண்டும். இயந்திரம் இவ்விரண்டையும் தாங்கும் களஞ்சியமேயன்றி விளைநிலம் ஆகாது. விளையாத நெல்லைக் களஞ்சியம் எவ்வாறு தரும்?

இங்கே ஓர் ஐயம் எழலாம். குவியல் பெரிதானாற் போதுமெனில், எவரேனும் எவ்வாறேனும் எழுதிக் குவிக்கலாமே என்பது அது. இதற்கு மறுமொழியாகும் செய்தியொன்று ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தது. ஆங்கிலத்தோடு உடன்பிறப்பாகிய ஸ்காட்ஸ் என்னும் மொழியை அந்நாட்டிற் பதினைந்து இலட்சம் மக்கள் பேசுவதாக 2011-ஆம் ஆண்டுக் கணக்குக் கூறும். அம்மொழி விக்கிப்பீடியாவிற் கட்டுரைகள் பல்லாயிரம் இருந்தன. அவற்றுட் பலவற்றை, அம்மொழியறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் ஆங்கிலச் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியே எழுதினார் என்பது 2020-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அவர் தீய எண்ணத்தாற் செய்தாரல்லர், ஆர்வத்தாலேயே செய்தார். ஆயினும் அப்பிழை நடையை உண்மை நடையென்று கருதி இயந்திரமும் மாணாக்கரும் கற்றால், அம்மொழியின் கதி என்னாம்? உரியவர் எழுதாது விட்ட இடத்தைப் பிறர் நிரப்புவர். இந்நாளில் அவ்விடத்தை இயந்திரமே நிரப்பத் தொடங்கியுள்ளது. அரைகுறையாகக் கற்ற இயந்திரம் எழுதியதை, அடுத்த இயந்திரம் பாடமாகப் படிக்கின்றது. பிழைபட்ட ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய ஏடு மேலும் பிழைபடுதலை நம் முன்னோர் கண்டிருந்தனர். இதுவும் அதுவே.

இவையெல்லாம் பிறர் மொழிக் கதைகள். இவற்றான் நமக்காவதென்னை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். முதற்கண், நம் நாட்டிலேயே, நம் அண்டை வீட்டிலேயே இவ்விடர்ப்படும் மொழிகள் உள. மதுரை முதலிய ஊர்களிற் பன்னூறாண்டுகளாக நம்மோடு வாழ்ந்துவரும் சௌராட்டிர மக்கள் தம் மொழிக்கெனத் தனியெழுத்துடையர். ஒல் சிக்கி எண் பெற்ற அதே 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சௌராட்டிர எழுத்தும் எண் பெற்றது. அவருள்ளும் சிலர் தம்மெழுத்திலும், சிலர் தேவநாகரியிலும், சிலர் தமிழெழுத்திலும் எழுதிவருகின்றனர். நீலகிரியில் வாழும் தோடர், கோத்தர் முதலியோர் மொழிகள் நம் தமிழுக்கு உறவினவாயும், பேசுவோர் மிகச் சிலராயும் உள்ளன. தமிழ் பெருமொழியாதலின், இவற்றினிடத்து நாம் மூத்தோர்க்குரிய பரிவோடு ஒழுகுதல் கடமையாம்.

இரண்டாவது, தமிழுக்கு எண்ணும் எழுத்துருவும் விசைப்பலகையும் குறைவின்றிக் கிடைத்துள்ளன. நம் பிள்ளைகளோ கைப்பேசியிற் தமிழை ஆங்கில எழுத்தாற் தட்டி அனுப்புகின்றனர். விசைப்பலகை கையிலிருந்தும் பலர் அதனைத் தேடித் திறந்தாரல்லர். சந்தாலர் ஐந்தெழுத்தாற் பட்ட இடரை, நாம் வேண்டியே இரண்டெழுத்தால் வருவித்துக்கொள்கின்றோம்.

மூன்றாவது, தமிழ் என்பது நூல்களிலுள்ள தமிழ் மட்டுமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியில் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள. இருந்தும், நம் ஊர்ப்புறத்துப் பாட்டிமார் வாயில் வழங்கும் சொற்கள் அனைத்தும் அதனுட் புகுந்தில. நம் குலத்தார் தொழிற்கருவிகளின் உறுப்புப் பெயர்கள், நிலத்தின் தன்மை குறிக்கும் பெயர்கள், உறவுமுறை விளிகள், திருமணத்திற் பாடும் நலங்குப் பாடல், இழவு வீட்டில் அழும் ஒப்பாரி, குழவியை உறங்கச் செய்யும் தாலாட்டு ஆகியவற்றிற் பொதிந்துள்ள சொற்களை எழுதிவைத்தார் யார்? செய்தி படிப்போர் பேசும் தமிழை இயந்திரம் ஒருவாறு கேட்டுணரும். நம் ஆயாவும் அப்பத்தாவும் பேசும் தமிழைக் கேட்டால் திகைக்கும். திகைப்பு இயந்திரத்தின் குற்றமன்று. அதன் முன் அப்பேச்சை எவரும் வைத்திலர். பெருமொழியினகத்தும் இவ்வாறு சிறுமொழிகள் ஒளிந்து கிடக்கின்றன.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு யாம் விண்ணப்பித்துக்கொள்வன மூன்று. இல்லத்திற் பிள்ளைகளோடு பிழையற்ற தமிழில் உரையாடுக. அவர்தம் பாட்டனாரோடும் பாட்டியாரோடும் நாடோறும் சிறிது பொழுதேனும் அவர்களை இருத்துக. கைப்பேசியில் எழுதுங்கால் தமிழைத் தமிழெழுத்தாலேயே எழுதுக. பிள்ளைகட்கு அவ்விசைப்பலகையைப் பெற்றோரே திறந்து காட்டுக. பள்ளி விடுமுறை நாட்களில், உயர்வகுப்பு மாணாக்கர் தத்தம் ஊர் முதியோரிடம் அமர்ந்து, வழக்கொழிந்து வரும் சொற்களையும் பாடல்களையும், கூறியோர் இசைவு பெற்று, கேட்டவாறே பொருளோடு எழுதியும், குரலைப் பதிவுசெய்தும் தொகுப்பாராக. தொகுத்தவற்றை நம் பத்திரிகைக்கு விடுப்பின், ஆசிரியர் மனமுவந்து வெளியிடுவர் என நம்புகின்றோம். கோப்புகளை யூனிகோடு எழுத்திலேயே அமைத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் எழுதிச் சேர்த்த தமிழ்க் கோப்புகள் பல, இன்று திறப்பாரின்றிக் கிடக்கின்றன. செல் அரித்த ஏட்டிலேனும் எஞ்சிய எழுத்தைப் படிக்கலாம். எழுத்துரு தொலைந்த கோப்பு முழுதும் இருந்தும் படிக்கவாராது.

ஆங்கிலம் அறியாத ஒரு வெள்ளிப்பணியாளரும், சிற்றூர்ப் பள்ளியாசிரியர் ஒருவரும், அரசர் துணையும் பொருட் செல்வமும் இன்றித் தம் மக்கட்கு எழுத்தீந்தனர். அவர்க்கு வாய்த்த கருவிகளினும் பன்மடங்கு மேலான கருவிகள் இன்று நம் பிள்ளைகள் சட்டைப்பையிற் கிடக்கின்றன. முதியோர் இன்னும் நம் திண்ணைகளில் இருக்கின்றனர். கேட்பார்க்குச் சொல்ல அவர்க்கு விருப்பமும் உண்டு. வருகின்ற கோடை விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குமாறு நம் குலத்து இளைஞரையும் மகளிரையும் வேண்டி, இதனை முடிக்கின்றோம்.